உங்களுக்குத் தெரியுமா? ஊட்டியில் விளையும் சங்கதிகள்

◆ ‘மூன்றாம் பிறை’ (1982) கடைசிக் காட்சியில் கமல் குரங்காட்டம் ஆடிக் கதறிய ரயில் நிலையம் கேத்தி. அதைச் சுற்றிய பள்ளத்தாக்கு முழுக்க, அடுக்கடுக்காக மலைக்காய்கறித் தோட்டங்கள். அங்கே கேரட் அறுவடை நடுங்கும் குளிரில், விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்குவார்கள். மண் போகக் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். சினிமாக்காரர்கள் இதையும் ஒரு முறை படம் பிடிக்கலாம்.

◆ ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995-இல் அமைத்ததுதான் ரோஜாப் பூங்கா.

◆ கோதுமைக்கும் குன்னூருக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். வடக்கே சமவெளியில் கோடை வெயில், கோதுமையைத் தாக்கும் துரு நோய்ப் பூசணத்தைச் சுட்டுப் பொசுக்கிவிடும். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் அது சாகாது. காற்றேறி மறுபடியும் வடக்கே போய்விடும். இந்தப் போக்குவரத்தைக் கண்டு சொன்னவர் விஞ்ஞானி கே.சி. மேத்தா. எதிரி குடியிருக்கும் வீட்டிலேயே போய்ச் சோதிப்போம் என்று, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. துருவைத் தாங்கும் ரகம் எது என்பது இங்கே தெரிந்துவிடும். ‘நீலகிரி கப்ளி’ என்ற சம்பா கோதுமை ரகம் இங்கே பிறந்ததுதான்.

◆ ஊட்டி உருளைக்கிழங்குக்கு ஒரு சோகக் கதை உண்டு. வேரைத் தாக்கும் நூற்புழு ஒன்று, இந்தியாவிலேயே முதன்முதலாக 1961-இல் ஊட்டி விஜயநகரம் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு விதைக்கிழங்கு மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தடை வந்தது. சமைக்க அனுப்பலாம், விதைக்க அனுப்பக் கூடாது! அந்தப் புழுவைத் தாங்கும் ‘குஃப்ரி சுவர்ணா’ ரகம் 1985-இல்தான் வந்தது.

◆ ‘நீல்கிரிஸ்’ சூப்பர் மார்க்கெட் 1905-இல் இந்த மலையில் வெண்ணெய் விற்றுத் தொடங்கிய வியாபாரம். நிறுவியவர் முத்துசாமி முதலியார், வெள்ளைக்காரர்களுக்குத் தபால் சுமந்தவர். 1936-இல் கடை பெங்களூருக்குப் போனது.

◆ ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நாவலில் கதாநாயகன் யாரென்று கேட்டால், மண் என்பேன். சாமை விளைந்த படுகர் நிலத்துக்குள் உருளைக்கிழங்கும் தேயிலையும் நுழைந்து குடும்பங்களைப் புரட்டிப்போடும் கதை அது. காலம் ஓடுவதைச் சொல்ல, 12 ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சி.

◆ ‘டான்டீ’ வெறும் டீத்தூள் பெயரல்ல. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர, தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் அது. கழகமாக மாறியது 1976-இல்.

◆ ரேஷன் கடையில் ‘ஊட்டி டீ’ பாக்கெட் பார்த்திருப்பீர்கள். அதை விற்கும் ‘இன்கோசர்வ்’, நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் சேர்ந்த இணையம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருந்து பார்த்தவர்கள். அடுத்த முறை அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டால் ஒன்று வாங்குங்கள்.