காப்பீடு மறுத்தால் டாக்டர் என்ன செய்வார்?

கலிஃபோர்னியாவில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணை மேலும் 8 நாள் மருத்துவமனையில் வைத்திருக்க டாக்டர் அனுமதி கேட்டார். செலவை ஏற்ற மாநில அரசின் திட்டம் 4 நாள்தான் கொடுத்தது. டாக்டர்கள் மறுபேச்சின்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அவருடைய காலை எடுக்க வேண்டியதாயிற்று. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தின் மீது பொறுப்பைச் சுமத்தவில்லை. ஆனால் டாக்டர்களுக்கு ஒரு குட்டு வைத்தது: மறுப்பை எதிர்க்காமல் பணிந்துபோகிறவர், பழியைப் பணம் கொடுப்பவர் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது.

அமெரிக்க டாக்டர்களின் அறச்சிக்கல் இதுதான். பணப்பெட்டி ஒருவர் கையில், பொறுப்பு இன்னொருவர் தலையில்.

1973-இல் அதிபர் நிக்சன் அரசின் சட்டம் ஊக்குவித்த எச்.எம்.ஓ. எனும் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில், ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று டாக்டருக்குத் தொகை வந்துவிடும். ஸ்கேன் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதே தொகைதான். சிலவற்றில், செலவைக் குறைத்தால் ஆண்டு இறுதியில் ஊக்கத்தொகையும் உண்டு. பழைய முறை மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. செய்யச் செய்யக் காசு என்பதால் தேவையற்ற சிகிச்சைகள் பெருகின.

அப்படியொரு எச்.எம்.ஓ.வில், வயிற்றுவலியோடு வந்த ஒருவரை, 50 மைலுக்கு அப்பால் திட்டத்தின் சொந்த மையத்தில் ஸ்கேன் எடுக்க 8 நாள் காக்க வைத்ததில் குடல்வால் வெடித்தது. அந்த வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் ஒளிக்காமல் சொன்னது: டாக்டரின் வருமானத்தைச் சிகிச்சைக் கட்டுப்பாட்டோடு முடிச்சுப் போடாமல் எந்த எச்.எம்.ஓ.வும் பிழைக்காது.

டாக்டர்கள் என்ன செய்தார்கள்? காப்பீடு மறுக்காமலிருக்கப் பலர் பொய் எழுதினார்கள். நோயின் கடுமையைக் கூட்டுவது, நோயின் பெயரை மாற்றுவது, இல்லாத அறிகுறியைச் சேர்ப்பது ஆகியவற்றில் ஒன்றையாவது முந்தைய ஓராண்டில் செய்ததாக 39 சதவீத டாக்டர்கள் ஒப்புக்கொண்ட ஆய்வு, அதே 2000-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. இரக்கத்தில் பிறந்த பொய்தான். ஆனாலும் என்னால் அதை மெச்ச முடியவில்லை. அந்த நோயின் பெயர் நோயாளியின் ஏட்டில் தங்கிவிடும், அடுத்த டாக்டர் அதை நம்பி மருந்து எழுதுவார்.

இப்போதைய சண்டை, சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் பெற வேண்டிய முன் அனுமதியோடு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 2023 கணக்கெடுப்பில் 94 சதவீத டாக்டர்கள் அதனால் சிகிச்சை தாமதமாகிறது என்றார்கள். தங்கள் நோயாளிக்குக் கடும் பாதிப்பே நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்.

டெக்சாஸ் மாநிலம் 2021-இல் ஒரு வழி கண்டது. ஆறு மாதத்தில் ஒரு டாக்டர் குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்குக் கேட்டதில் 90 சதவீதமாவது ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றது அன்றைய சட்டம். தகுதி பெறும் வரை வழக்கம்போல் விண்ணப்பம்தான்.