தாழ்வாரத்தில் நின்ற குடியானவர்கள்

சட்டங்களைச் சட்டசபை அங்கத்தினர்கள் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறோம். அது பொய்யல்ல, ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. சபை மண்டபத்துக்கு வெளியே ஒரு தாழ்வாரம் இருக்கிறது. அங்கத்தினரை அங்கே மடக்கி நிறுத்தித் தம் காரியத்தைக் காதில் போடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ‘லாபி’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கே தாழ்வாரம் என்றுதான் அர்த்தம். ரயில்வே முதலாளிகள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். ஏர் பிடிக்கிறவனுக்கு இது வருமா? அமெரிக்காவில் வந்தது. எப்படி வந்தது, வந்து யாருக்கு லாபமாயிற்று என்று சற்று விசாரிப்போம்.

முதல் மகா யுத்தத்தின்போது ஒரு புஷல் கோதுமை 2 டாலருக்கு மேல் விற்றது. குடியானவர்கள் கடன் வாங்கி மேலும் நிலம் வாங்கினார்கள். 1920-இல் விலை சரியத் தொடங்கியது. 1921 முடிவதற்குள் கோதுமை 1 டாலருக்கு வந்துவிட்டது. கடன் மட்டும் இறங்கவில்லை.

நல்லவேளையாக, அதற்குள் அவர்களுக்கு ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டிருந்தது. 1914-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜில்லா தோறும் விவசாய போதகர் ஒருவரைச் சர்க்கார் நியமித்து வந்தது. விதை, உரம் முதலியவற்றைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கக் கூடியவர்களே சங்கமானார்கள். அச்சங்கங்கள் 1919 நவம்பரில் சிகாகோவில் கூடி ‘அமெரிக்கன் பார்ம் பீரோ பெடரேஷன்’ என்ற சம்மேளனத்தை அமைத்தன. சர்க்கார் சம்பளம் பெறும் உபாத்தியாயர், சர்க்காரையே வளைக்கப் போகும் சங்கத்துக்கு ஆள் திரட்டிக் கொடுத்தார்! இந்த வேடிக்கையை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

சம்மேளனத்தின் வாஷிங்டன் பிரதிநிதியாக வந்தவர் கிரே சில்வர். மேற்கு வர்ஜீனியாவில் பழத்தோட்டம் வைத்திருந்தவர். 1921 மே 9-ஆம் தேதி அவருடைய காரியாலயத்தில் சுமார் ஒரு டஜன் ஸெனேட்டர்கள் கூடினார்கள். அயோவா ராஜ்யத்து ஸெனேட்டர் கென்யன் தலைமை வகித்தார். மேற்கத்திய ரிபப்ளிகன்களும் தெற்கத்திய டெமாக்ரட்டுகளும், கட்சி வேற்றுமையை ஒதுக்கிவிட்டு, விவசாய மசோதாக்களுக்கு ஒன்றாக வோட்டுப் போடுவதென்று தீர்மானித்தார்கள். அந்தக் கோடையில் சபையை ஒத்திவைத்துவிட்டு ஊருக்குப் போகத் தலைவர்கள் விரும்பியபோது, ஸெனேட் அதை நிராகரித்தது. அங்கத்தினர் தலைநகரில் என்ன செய்கிறார் என்பது உடனுக்குடன் அவருடைய தொகுதிக்குத் தெரியும். தொகுதியிலிருந்து தந்திகள் வந்து குவியும். வித்தையின் சூக்ஷ்மம் இதுதான். அவ்வருஷமே இறைச்சிக் கம்பெனிகளை அடக்கும் சட்டம் வந்தது. 1922-இல் விவசாயிகளின் கூட்டுறவு விற்பனைக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது. விலையை நிலைநிறுத்தும் மசோதாவை ஜனாதிபதி கூலிட்ஜ் 1927-இலும் 1928-இலும் ரத்து செய்தார். ஆனால் 1933-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில், சம்மேளனத்தின் முழு ஆதரவுடன், விவசாயச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று.

சாகுபடியைக் குறைத்தால் பணம் தருவோம் என்றது அச்சட்டம். முளைத்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கராவை அவ்வருஷம் உழுது அழித்தார்கள். செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் மிதிக்க மாட்டோம் என்று முரண்டு பண்ணினவாம்!

பணம் யாருக்கு? நிலச்சொந்தக்காரருக்கு. தெற்கே பருத்தி பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் வாரக்குடிகள். அவர்கள் பங்கையும் சொந்தக்காரர் கையிலிருந்தே பெறவேண்டும். நிலம் தரிசாகக் கிடக்கும்போது குடி எதற்கு? குடிகளின் எண்ணிக்கையைக் ‘கூடியவரையில்’ குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தையின் சந்தில் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

1934-இல் அர்க்கன்சாஸ் ராஜ்யத்தில் டைரன்ஸா என்ற ஊருக்கருகே, ஒரு பள்ளிக்கூடத்தில், 11 வெள்ளையரும் 7 நீக்ரோவரும் சேர்ந்து வாரக்குடிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பிரதேசத்தில் இரு இனத்தார் ஒரே சங்கத்தில் சேருவதே பெரிய துணிச்சல். அடுத்த வருஷம் அவர்களுடைய தூதுக்குழு மோட்டாரில் வாஷிங்டனுக்குப் போய் விவசாய மந்திரி வாலஸிடம் முறையிட்டது. மேரி கானர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞர் விசாரணைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கையைச் சர்க்கார் வெளியிடவேயில்லை. இருந்த குடிகளையே நிலத்தில் வைத்திருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொன்ன இலாகா வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிழந்தார்கள். இவர்களும் குடியானவர்கள்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் தந்திக்குக் காசில்லாத குடியானவர்கள், வோட்டும் இல்லாதவர்கள்.

வோட்டுப் போடத் தெற்கத்திய ராஜ்யங்கள் பலவற்றில் அக்காலத்தில் தலைவரி கட்டவேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு டாலர்தான். ஏழைக் குடியானவர்களுக்காக 1937-இல் அமைந்த விவசாயப் பாதுகாப்பு இலாகா, கடன் கொடுக்கும்போது இந்தத் தலைவரிக்கும் சேர்த்துக் கொடுத்தது. அலபாமா ராஜ்யத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஓனீல் அப்போது பார்ம் பீரோவின் தலைவர். 1942-இல் காங்கிரஸ் கமிட்டியின் முன் அவர் இதைப் பெருங்குற்றமாக எடுத்துச் சொன்னார். தேசிய விவசாயிகள் யூனியன் என்ற சிறிய சங்கம் இலாகாவின் பக்கம் நின்று வாதாடியது. வருஷா வருஷம் மானியத்தை வெட்டி வந்த காங்கிரஸ், 1946-இல் அந்த இலாகாவையே மூடிவிட்டது.