பழைய இயந்திரம் என்ன வேலை செய்தது?

'பிரஸ்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவது அச்சகம். ஆனால் அச்சொல்லின் அடிப்படைப் பொருள் அழுத்துதல் என்பதே. காகிதத்தின்மேல் மையை அழுத்துவதும் பிரஸ். தகட்டை அழுத்திப் பாத்திரமாக்குவதும் பிரஸ். வித்துக்களை அழுத்தி எண்ணெய் எடுப்பதும் பிரஸ். இவ்வேறுபாட்டை மறந்து நாமே ஒருமுறை பிழை செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மும்பையில் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்த பழைய ஆலை இயந்திரங்களின் பட்டியல் ஒன்று நம்மிடம் வந்தது. கண்காட்சிக் குறிப்பேடு ஒன்றைப் பல மொழிகளில் வெளியிட வேண்டியிருந்தது. தமிழாக்கம் நமது பொறுப்பு. பட்டியலில் 'பிரஸ், இரும்பு, பழையது, ஒன்று' என்று கண்டிருந்தது. 'பழைய அச்சு இயந்திரம்' என்று எழுதி அனுப்பிவிட்டோம்.

பின்னர் அலுவல் காரணமாக மும்பை சென்றபோது அவ்வியந்திரத்தை நேரில் கண்டோம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேற்பட்ட நான்கு இரும்புத் தூண்கள். அவற்றின் தலையில் கனத்த இரும்புப் பாளம் ஒன்று. கீழே, நீரின் அழுத்தத்தால் மேலெழும் தடித்த தண்டின்மீது மற்றொரு பாளம். எழுத்துக் கோக்க இடமில்லை. மை தடவ உருளையில்லை. காகிதம் நுழைய வழியில்லை. அப்படியாயின் இது எதற்காகச் செய்யப்பட்டது? இத்தகைய வினாவுக்கு விடை காணும் முறையையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் எவரும் தேடுவது பெயர்த்தகடு. அது ஓரளவுக்கே உதவும். செய்தவர் யார் என்று அது கூறும். செய்த வேலை யாது என்று பெரும்பாலும் கூறாது. இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நீராவி இயந்திரம், கொதிகலன், சாலை உருளை, கதிரடிக்கும் இயந்திரம், தேயிலை இயந்திரம் ஆகிய அனைத்தையும் அந்நிறுவனம் செய்தது. ஆகவே 'மார்ஷல்' என்று தகட்டில் இருப்பதைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுதல் கூடாது. வட்டமான மேடை ஒன்று, அதன்மீது வரப்புப் போன்ற பட்டைகள், நடுவே திறக்கும் கதவு, மேடைக்கு மேல் சுற்றிச் சுற்றி நகரும் அடியில்லாப் பெட்டி ஆகியவற்றைக் காணும்போதுதான் அது தேயிலையை உருட்டிச் சுருட்டும் இயந்திரம் என்று துணியலாம்.

இரண்டாவதாக நோக்கவேண்டியது, பிளைவீல் என்று தொழிலாளர் அழைக்கும் பெருஞ்சக்கரம். அதன் விளிம்பில் பல பள்ளங்கள் அடுத்தடுத்து ஓடுமாயின், அவை பருத்திக் கயிறுகள் ஓடிய தடங்கள். நூற்பாலைகளில் நீராவி இயந்திரத்தின் விசையை ஒவ்வொரு மாடிக்கும் இக்கயிறுகளே கொண்டு சென்றன. விளிம்பு அகன்றும் வழுவழுப்பாகவும் இருந்தால் அங்கு ஓடியது தோல் பட்டை. சிறிய இயந்திரத்தில் அளவுக்கு மீறிய கனமுள்ள சக்கரம் இருந்தால், அது விட்டு விட்டுத் திடீரென்று வலிமை வேண்டும் வேலையைச் செய்தது என ஊகிக்கலாம். தகட்டை வெட்டுவதும் துளையிடுவதும் அத்தகையன. இடைப்பட்ட நேரத்தில் சக்கரம் வேகத்தைச் சேமிக்கிறது. வெட்டும் கணத்தில் அதைச் செலவிடுகிறது.

மூன்றாவது, பொருளைத் தொட்ட பாகம். இதுவே மிகவும் நம்பத்தக்க சாட்சி. இரும்பு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இயந்திரத்தைப் பலர் ஒரே வகையென எண்ணுவர். கரும்பாலையின் உருளைகளில் வரிப்பள்ளங்கள் இருப்பின் அவை முனைக்கு முனை ஒரே அளவாக இருக்கும். கீழே சாறு வடியும் தொட்டியும் உண்டு. பீகாரில் பிஹியா என்னும் ஊரில் தாம்சன், மில்ன் என்போர் 1870-களில் உருவாக்கிய, மாடு சுற்றும் இரும்புக் கரும்பாலை வட இந்தியக் கிராமங்களில் பெரிதும் பரவியது. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையிலோ பள்ளங்கள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே செல்லும். பழுக்கக் காய்ந்த இரும்பு பெரிய பள்ளத்தில் நுழைந்து, படிப்படியாக மெலிந்து, சிறிய பள்ளத்தில் கம்பியாக வெளிவரும். பள்ளங்களின் அளவைக் கவனித்தாலே போதும், சர்க்கரையா இரும்பா என்பது விளங்கிவிடும்.

நான்காவது, எஞ்சிய அழுக்கு. வட்டத் தொட்டியில் இரண்டு கனத்த சக்கரங்கள் நின்றவாறு சுற்றும் இயந்திரத்தை எண்ணெய்க்கும் பயன்படுத்தினர், கட்டடச் சாந்து அரைக்கவும் பயன்படுத்தினர். இடுக்குகளில் பிசுக்கு உறைந்திருந்தால் எண்ணெய். வெண்மையோ செங்கல் நிறமோ படிந்திருந்தால் சுண்ணாம்பும் சுர்க்கியும். மைசூருக்கு அருகில் 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை சுர்க்கிச் சாந்தினால் கட்டப்பட்டதே. ஆகவே பழைய இயந்திரத்தைக் கண்டதும் கழுவிச் சாயம் பூசுதல் கூடாது. சாயத்தின் அடியில் மறைவது அழுக்கு மட்டுமன்று; சாட்சியமும் மறைகிறது.

இனி நாம் கண்ட இயந்திரத்திற்கு வருவோம். நாம் தூண்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அருகில் வந்தார். கீழ்ப்பாளத்தில் ஒரு பள்ளத்தில் விரலை வைத்து, "சாஹேப், மேலே பாருங்கள், இதற்கு நேராக அங்கும் ஒன்று இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். இருந்தது. இரு பாளங்களிலும் இணையான பள்ளங்கள் ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருந்தன. அழுத்தம் தளர்வதற்கு முன்னரே அப்பள்ளங்களின் வழியே இரும்புப் பட்டைகளைச் செலுத்திப் பஞ்சுப் பொதியைக் கட்டிவிடுவர். இல்லையேல் பஞ்சு மீண்டும் விரிந்துவிடும். அது பஞ்சுப் பொதி கட்டும் பிரஸ்.

நீரழுத்தத்தால் இயங்கும் பிரஸ்ஸுக்கு ஜோசப் பிராமா என்பவர் 1795-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். சிறிய குழாயில் நீரை அழுத்தினால், அதைவிட நூறு மடங்கு பரப்புள்ள தண்டு நூறு மடங்கு வலிமையுடன் எழும். பம்பாய்க்கு இவ்வலிமை தேவைப்பட்டது ஏன்? பஞ்சு எடையில் குறைவு, இடம் அடைப்பதில் மிகுதி. தளர்வாக ஏற்றினால் கப்பல் விரைவில் நிறைந்துவிடும், கூலி கட்டாது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு தடைப்பட்டபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. 1869-இல் ஸூயஸ் கால்வாய் திறந்தது. பொதியை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவுக்கு வாணிகத்தில் ஆதாயம். இன்றும் இந்தியாவில் பஞ்சைக் கணக்கிடும் அளவு 170 கிலோ கொண்ட பொதியே.

முதியவர் மேலும் ஒன்று கேட்டார்: "கதவுகள் எங்கே?" பஞ்சு பக்கவாட்டில் பிதுங்காதபடி நாற்புறமும் அடைத்து நின்ற பெட்டியின் கதவுகளைத்தான் கேட்டார். பழைய பட்டியலைப் புரட்டினோம். 'இரும்புக் கதவுகள், நான்கு, பயனற்றவை' என்று எழுதி, எடைக்கு விற்றுவிட்டிருந்தனர். எழுதியவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. அப்பட்டியல் நம்மிடம் வந்திருந்தாலும் 'கதவுகள்' என்றுதானே மொழிபெயர்த்திருப்போம்? கண்காட்சிப் பலகையில் பெயரைத் திருத்த முடிந்தது. ஆனால் குறிப்பேட்டின் முதற்படிகளில் நமது பிழை அப்படியே நிற்கிறது; கதவுகளும் திரும்பி வரவில்லை.

1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின்னர் மும்பையில் பல ஆலைகள் மூடப்பட்டன. அவற்றின் இயந்திரங்களில் பெரும்பகுதி பெயர் அறியப்படாமலேயே பழைய இரும்பாயிற்று. மற்ற ஊர்களிலும் இது நிகழ்கிறது. உங்கள் ஊரில் மூடிய ஆலையோ கைவிட்ட பணிமனையோ இருக்குமாயின், இயந்திரத்தை நகர்த்துவதற்கு முன் அது நின்ற தரையையும், அடியிலுள்ள குழியையும், சுவரில் தண்டு நுழைந்த துளையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்து கிடக்கும் பாகங்களைச் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அதில் வேலை செய்த ஒருவரைத் தேடி அழைத்து வாருங்கள். நாம் அகராதியில் தேடிக் காணாததை அவர் ஒரு விரலால் சுட்டிக் காட்டிவிட்டார்.