ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டிய உரிமை

தரம் 10 மாணவர்களுக்கு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவேன். பரீட்சைக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதாது என்பதை, என்னிடம் படித்த ஒரு பையனின் வாப்பா வீடு தேடி வந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

மகனைப் பொலிஸார் கூட்டிச்சென்று, காரணம் சொல்லாமல் இரண்டு நாட்கள் வைத்திருந்து, அடித்து அனுப்பியிருக்கிறார்கள். நீதவானிடம் கொண்டுபோகவே இல்லை. நடந்து மூன்று மாதமாகிவிட்டது. "ஏன் இவ்வளவு நாள் இருந்தீங்க?" என்றேன். "புள்ளைக்கு இன்னும் கரைச்சல் வருமெண்டு பயந்தம் சேர்" என்றார்.

சித்திரவதை, கொடூரமான நடத்துகை ஆகியவற்றை 11ஆம் உறுப்புரை தடுக்கிறது. அவசரகால நிலையில்கூட இதற்கு விதிவிலக்கு இல்லை. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 13ஆம் உறுப்புரை. இவற்றை அரசு அதிகாரி மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் சட்டத்தரணியும் மனுச் செய்யலாம். ஆனால் அது ஒரு மாதத்துக்குள் நடக்க வேண்டும். அந்த வாப்பாவுக்கு இது தெரியாது. பயந்தவனுக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு குறுகியது!

இதற்கு ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. முறைப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டு இருந்தால் போதாது. விசாரணை நிலுவையில் இருப்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்டிருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவின் கடிதங்களைக் கவனமாக வைத்திருங்கள். காயமிருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

மனுப் போட்டவுடன் நீதி கிடைத்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். விசாரணைக்கு எடுக்கலாமா என்பதை நீதிமன்றம் முதலில் தீர்மானிக்கும். நமது ஜனாஸாக்களை எரிப்பதற்கு எதிரான மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி அந்தப் படியிலேயே தள்ளுபடியாகின. அடக்கம் செய்ய அனுமதித்த வர்த்தமானி 2021 பெப்ரவரியில்தான் வந்தது. மறுபக்கம், முகநூல் பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைதான எழுத்தாளர் ரம்ஸி ராஸிக்கின் உரிமைகள் மீறப்பட்டன என்று அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. எடுத்ததோ மூன்றரை வருடங்கள். என்றாலும் அவர் காலத்தோடு போனதால்தான் அந்தத் தீர்ப்பாவது வந்தது.

அந்த வாப்பாவைச் சட்டத்தரணி ஒருவரிடம் அனுப்பினேன். தாமதத்துக்கான காரணத்தை நீதிமன்றம் ஏற்பது கஷ்டம் என்று அவர் சொல்லிவிட்டார். இப்போது அந்த அத்தியாயத்துக்கு மூன்றாவது பாடவேளை ஒன்று ஒதுக்குகிறேன். அதில் மாணவர்கள் முறைப்பாட்டுக் கடிதம் எழுதிப் பழகுகிறார்கள், முதல் வரியில் திகதியோடு.