உங்களுக்குத் தெரியுமா? மதர்போர்டு டிரைவர் ரகசியங்கள்

புது மதர்போர்டுக்கு டிரைவர் தேடிப் போனால், 'ஸ்டோரேஜ்' என்ற தலைப்பின் கீழ் நாலைந்து ஃபைல்கள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலானோர் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை! சாட்டா டிஸ்க்குகள் பேசும் ஏஎச்சிஐ, எம்.2 எஸ்எஸ்டிகள் பேசும் என்விஎம்இ இரண்டுமே யாரும் படித்துப் பின்பற்றக்கூடிய பொது விதிமுறைகள். முதலாவதற்கான நவீன டிரைவர் விண்டோஸ் 8 முதலும், இரண்டாவதற்கானது 8.1 முதலும் விண்டோஸுடனேயே வந்துவிடுகின்றன.

*

சாம்சங் தன் 950, 960, 970 வரிசை எஸ்எஸ்டிகளுக்குத் தனி என்விஎம்இ டிரைவர் கொடுத்தது. அடுத்து வந்த 980 ப்ரோவுக்குக் கொடுக்கவில்லை. விண்டோஸின் டிரைவரே போதும் என்று விட்டுவிட்டது.

*

டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவர் தேதியைப் பாருங்கள். விண்டோஸுடன் வந்த டிரைவர் என்றால் 21 ஜூன் 2006 என்று இருக்கும். பதறிப்போய் 'டிரைவர் அப்டேட்டர்' எதையாவது இறக்கிவிடாதீர்கள். விண்டோஸுடன் வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைப் போடுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர் ஏற்கெனவே இருந்தால், புதிய தேதி என்ற பெயரில் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? உண்மையான வயதைப் பதிப்பு எண்தான் சொல்லும்.

இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் சிப்செட் ஃபைல்கள் பலவற்றில் தேதி 18 ஜூலை 1968. அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள்! அந்த ஃபைல்களும் பெரும்பாலும் பாகங்களுக்குப் பெயர் சூட்டுவதோடு சரி. வேகம் கூடாது.

*

ஸ்டோரேஜ் டிரைவரைத் தொட வேண்டாம் என்பதற்கு விதிவிலக்கு உண்டு, அதுவும் முக்கியமானது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டை மதர்போர்டிலேயே அமைத்திருந்தால் அதற்குரிய டிரைவர் கட்டாயம். இன்னொன்று, என்விஎம்இ எஸ்எஸ்டிகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் இன்டெலின் விஎம்டி. 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸர்களிலிருந்து பல லேப்டாப்களில் இந்த வசதி பயாஸிலேயே ஆன் செய்யப்பட்டு வருகிறது. அதில் விண்டோஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தால், நல்ல எஸ்எஸ்டி இருக்கும்போதே 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று இன்ஸ்டாலர் கையை விரித்துவிடலாம். டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரிந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால், ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் விளையாட்டாக அதை அணைத்தால் அடுத்த பூட்டிலேயே நீலத்திரைதான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் சேஃப் மோடில் பூட் ஆகும்படி விண்டோஸில் அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் கை வையுங்கள். ரெய்டு உள்ள கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

*

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இத்தகைய ஸ்டோரேஜ் டிரைவரை ஃப்ளாப்பியில் வைத்து, இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 பட்டனை அழுத்திக் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பி மறைந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் இன்டெல் தன் டிரைவர் ஃபைலின் பெயரில் 'எஃப்6'-ஐயும் ஃப்ளாப்பியின் சுருக்கத்தையும் விடவில்லை.

*

டிரைவரைவிட எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர்தான் கவனிக்க வேண்டிய சரக்கு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது: அதன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துப்போகும். டிஸ்க்கும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. குறியுடன் எழுதும் 16 பிட் எண்ணின் உச்சவரம்பு 32,767 என்பதை நினைத்தால், கோளாறு எங்கே என்று ஊகிக்கலாம். மருந்து புது ஃபர்ம்வேர் மட்டுமே. ரெய்டு இருந்தாலும் தப்பிக்க வழியில்லை. ஒரே நாளில் பூட்டிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தக் கணக்கைத் தொட்டுவிடும்.