"எவ்ளோ கொடுக்கும்?" புது கார் வாங்குறவங்க போட மறக்கும் கணக்கு

சென்னை:
கார் ஷோரூமுக்குள் காலடி வைத்ததும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?" என்பதுதான். கலர், சீட்டு, மியூசிக் சிஸ்டம் எல்லாம் அப்புறம். பெட்ரோல் விற்கும் விலையில் இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மூணு மாசம் கழித்து "ஏமாத்திட்டாங்கப்பா" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

விளம்பரத்தில் போடும் மைலேஜ் பொய் இல்லை. அது சோதனைக்கூடத்து மைலேஜ். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற மையங்களில் காரை உருளை மேல் நிறுத்தி, 20 நிமிஷத்துக்குள் ஓட்டி அளக்கிறார்கள். அதிகபட்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். ஏ.சி. போடுவதில்லை. கத்திப்பாரா நெரிசல் அங்கே கிடையாது. மாமனார், மாமியாரோடு 5 பேர் ஏறுவதும் கிடையாது.

அதனால் ஊருக்குள் ஏ.சி. போட்டு ஓட்டினால் கால் பங்கிலிருந்து மூணில் ஒரு பங்கு வரை குறையும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. 24 என்று போட்டிருந்தால் 16 முதல் 18 வரை. எல்லா காருக்கும் ஒரே சோதனை என்பதால், இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த நம்பர் உதவும். மாச பட்ஜெட் போட உதவாது.

போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு பெட்ரோலை விட சக்தி குறைவு. இதற்கென டியூன் செய்யாத கார்களில் 3 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது.

2 கிலோமீட்டருக்கு 50 ஆயிரமா?

ஒரு கார் ஊருக்குள் 16 கொடுக்கிறது. இன்னொன்று 18. மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு முதல் காரில் 37 லிட்டர் சொச்சம், இரண்டாவதில் 33 லிட்டர் சொச்சம் ஆகும். வித்தியாசம் 4 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாசம் 420 ரூபாய், வருஷத்துக்கு 5 ஆயிரம். இதற்காக 50 ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இரண்டாவது காரை வாங்கினால், போட்ட காசு திரும்ப 10 வருஷம் ஆகும். அந்த 50 ஆயிரமும் கடனில் வாங்கினதா இருந்தால் வட்டி தனி!

சி.என்.ஜி. யாருக்கு லாபம்?

உதாரணத்துக்கு மாருதி வேகன் ஆர். 1 லிட்டர் என்ஜின், பெட்ரோலில் 24.35, சி.என்.ஜி.யில் கிலோவுக்கு 34.05 என்பது சோதனைக் கணக்கு. ஒரே மாடலில் சி.என்.ஜி. வண்டி சுமார் 90 ஆயிரம் ரூபாய் அதிகம்.

ரோட்டுக்கு வந்தால் பெட்ரோலில் 18, கேஸில் 25 என்று வைப்போம். கேஸ் கிலோ 90 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு. பெட்ரோலுக்கு 5 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய். ஆக 45 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த 90 ஆயிரம் கைக்கு வரும். மாசம் 3 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் கால் டாக்சி டிரைவருக்கு அது 15 மாசம். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று 600 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு 6 வருஷத்துக்கும் மேல்.

இதோடு டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடிச்சுக்கும். டாடா கம்பெனி 2023-ல் அல்ட்ராஸ் காரில் இரண்டு சின்ன சிலிண்டராகப் பிரித்து தரைக்கு அடியில் வைத்து இதற்கு வழி கண்டது. 3 வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டரை டெஸ்ட்டும் பண்ணணும். பங்க்கில் கியூவில் நிற்கும் நேரத்தையும் டாக்சிக்காரர்கள் கணக்கில் சேர்க்கணும், அவங்களுக்கு நேரம்தானே காசு!

டீசல் மோகம் இன்னும் போகலை

2012-ல் டீசல் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் மலிவு. அதனால் எல்லோரும் டீசல் கார் என்று அலைந்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2025-ல் சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் 8 ரூபாய் சொச்சம்தான். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது.

இப்போது வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால்தான் அந்தக் கரி எரியும். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு 3 கிலோமீட்டர் போய் வருகிறவர் டீசல் கார் வாங்கினால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும்.

10 லட்சம் கோடு

பலர் கவனிக்காத இடம் இதுதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்டபடி 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1 லட்சத்து 24 ஆயிரத்து 800. "மைலேஜ் நல்லா வரும்" என்று 10 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் காருக்குப் போனால் வரி 1 லட்சத்து 90 ஆயிரத்து 800. கார் விலையில் ஒரு லட்சம், வரியில் 66 ஆயிரம்! இதை மைலேஜில் எடுக்கணும்னா டாக்சிதான் ஓட்டணும்.

உயிருக்கு எத்தனை ஸ்டார்?

மைலேஜ் வேணும்னா கார் தகரம் மாதிரித்தான் இருக்கும் என்று சொல்வது பழைய கதை. 2024-ல் வந்த புது டிசையர் பெட்ரோலில் 24.79 என்ற சோதனை மைலேஜோடு, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து நம்ம நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் மைலேஜைக் கேட்ட அதே மூச்சில் ஸ்டாரையும் கேட்கணும்.

வாங்கிய காரின் உண்மை மைலேஜை அறிய டேஷ்போர்டில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஆட்டோ கட் ஆகும் வரை டேங்க்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறிச்சு வைக்கணும். 300, 400 கிலோமீட்டர் ஓடின பிறகு அதே பங்க்கில் மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தை போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். அதுக்கு முன்னாடி டயர்ல காத்து சரியா இருக்கான்னு பார்த்துக்கணும். காத்து கம்மியா இருந்தா எந்தக் காரும் கொடுக்காது.