துறையும் முறையும்

ஒரு துறையில் பல ஓடங்கள் ஒரே வேளையில் வந்து சேருமாயின், எது முன்னே செல்வது, எது பின்னே நிற்பது என்னும் வினா எழுதல் இயல்பு. நோயாளியை ஏற்றி வந்த ஓடமும் நெல் மூட்டைகளை ஏற்றி வந்த ஓடமும் ஒருங்கே வருமாயின், முன்னதற்கு வழிவிடுதலே அறம். ஆயினும், நெல் கரையேறாமலே நாள்தோறும் நின்றுவிட்டால் ஊர் பசியால் வாடும். எனவே, விரைவு வேண்டுவதற்கு முதன்மை தருதலும், ஏனையவற்றை அறவே தடுத்துவிடாமையும் துறைகாப்போனுக்கு உரிய இரு கடமைகளாம். கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பிலும் இந்நெறியே பயில்கின்றது.

பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் குறிப்புகளும் எக்ஸ்-கதிர்ப் படங்களும் பொதுவான சேமிப்புக் கலன்களில் வைக்கப்பெறுகின்றன. அக்கலன்களையும், அவற்றைப் பயன்படுத்தும் சர்வர்கள் என்னும் கணிப்பொறிகளையும் இணைப்பது சேமிப்பு வலையமைப்பு ஆகும். இதற்கெனவே அமைந்தது ஃபைபர் சேனல் என்னும் முறை. அமெரிக்கத் தேசியத் தரநிறுவனம் இதனை 1994 ஆம் ஆண்டில் தரமுறையாக ஏற்றது. இதன் நடுவே நின்று செய்தியை உரிய இடத்திற்குத் திருப்பிவிடும் கருவி சுவிட்ச் எனப்படும். அதில் இழைகள் வந்து சேரும் வாயில்களைப் போர்ட் என்பர். தமிழில் அவற்றைத் துறை எனல் பொருந்தும்.

செய்தி முழுவதும் ஒரே மூச்சில் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்லும். ஒரு பொதி 2,112 பைட் அளவு வரை சுமக்கும். 16 கிகாபிட் விரைவுடைய துறையொன்று, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 1,600 மெகாபைட் செலுத்த வல்லது. அஃதாவது, இமைப்பொழுதில் பல்லாயிரம் பொதிகள் அதனைக் கடக்கின்றன.

இத்துணை விரைவிலும் பொதிகள் சிதறாமைக்குக் காரணம் யாது? பெறுவோன், தன்னிடம் எத்தனை பொதிகளுக்கு இடம் உண்டு என்பதை முன்னரே அனுப்புவோனுக்கு அறிவித்து விடுகின்றான். அவ்வெண்ணிக்கை கிரெடிட் எனப்படும். ஒரு பொதி சென்றால் ஒரு கிரெடிட் குறையும். பெறுவோன் அதனை அகற்றி இடம் ஒழித்தபின், அது மீண்டும் வந்து சேரும். கிரெடிட் இல்லையேல் அனுப்புவோன் காத்திருத்தல் வேண்டும். இதனால் பொதிகள் கீழே விழுவதில்லை, வரிசையில் நிற்கின்றன. நன்மையாகிய இதுவே சில வேளை தீமையும் ஆகும். ஒருவன் மெல்லப் பெறுவானாயின், அவனுக்குரிய பொதிகள் பின்னோக்கித் தேங்கி, அதே பாதையில் வரும் குற்றமற்ற பிறரையும் நிறுத்திவிடும்.

நள்ளிரவில் காப்புப்படி எடுக்கும் பணி நடைபெறுகின்றது எனக் கொள்க. அன்றைய குறிப்புகள் அனைத்தும் வேறொரு கலனில் படியெடுக்கப்பெறுகின்றன. அவ்வேளையில் விபத்தில் அடிபட்ட ஒருவர் கொண்டுவரப்படுகின்றார். அவருடைய பழைய படங்களை மருத்துவர் காண விழைகின்றார். படியெடுக்கும் பெருவெள்ளம் பாதையை அடைத்துக் கொண்டால், மருத்துவர் திரைமுன் காத்திருக்க நேரும்.

இதனைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முதன்மை வகுத்தல். எந்தச் சர்வர் எந்தக் கலனோடு தொடர்பு கொள்கின்றது என்பதைக் கொண்டு உயர்வு, நடுமை, தாழ்வு என வகுப்புகள் அமைக்கலாம். நெருக்கடி வேளையில், சான்றாக, உயர்வுக்குப் பத்தில் ஆறு பங்கும், நடுமைக்கு மூன்று பங்கும், தாழ்வுக்கு ஒரு பங்கும் அளிக்கலாம். கடைசி வகுப்பிற்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இதன் சிறப்பு.

மற்றொன்று, வரம்பு கட்டுதல். ஒரு துறையின் வழியே நுழையும் பொதிகள் இத்துணை விரைவினை மிஞ்சலாகாது என அளவு விதிக்கலாம். வரம்பை எட்டியதும், சுவிட்ச் அத்துறைக்குரிய கிரெடிட்டைச் சற்றுத் தாழ்த்தியே திருப்பித் தரும். அனுப்புவோன் தானாகவே நிதானம் கொள்வான். பொதி ஒன்றும் இழக்கப்படுவதில்லை.

இவ்விரண்டிற்கும் வேறுபாடு உண்டு. முதன்மை, நெருக்கடி நேர்ந்தபோதே செயற்படும். பாதை ஒழிந்திருப்பின் தாழ்ந்த வகுப்பும் தடையின்றிச் செல்லும். வரம்போ, பாதை வெறிதாய்க் கிடந்தாலும் தளராது. ஆகவே, வரம்பை மிகக் குறுக்கினால் இரவில் முடிய வேண்டிய படியெடுப்பு விடிந்தும் முடியாது. காலையில் நோயாளிகள் திரளும் வேளையில் அதுவே புதிய இடையூறாகும். இனி, எல்லாப் பணிகளையும் உயர்ந்த வகுப்பில் சேர்ப்பாரும் உளர். எல்லாரும் முதல்வராயின் முதல்வர் எவரும் இலர்.

படியெடுக்கும் பணி தாழ்ந்த வகுப்பினது எனினும் இழிந்தது அன்று. ஒருநாள் சேமிப்புக் கலன் பழுதுறுமாயின், மருத்துவர் தேடும் அப்படங்களைக் காத்துத் தருவது அக்காப்புப்படியே. விரைவுடையார்க்கு வழிவிடுதலும், பொறுத்திருப்பார்க்கு உரிய பங்கை மறவாமையும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் முறை நிலைபெறும்.